உடல் பரப்பளவு: மருந்துச் சீட்டில் வரும் அந்த ‘சதுர மீட்டர்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீமோ ஏற்றிக்கொள்ள வந்தவர்கள், குழந்தைக்கு ஸ்டீராய்டு எழுதி வாங்கிய பெற்றோர், எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள், எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

“உடல் பரப்பளவுன்னா என்ன? என்னை யாரும் டேப் வைச்சு அளக்கவே இல்லையே?”

உடம்பைப் போர்த்தியிருக்கும் தோலின் மொத்த வெளிப்பரப்புதான் உடல் பரப்பளவு. சதுர மீட்டரில் சொல்வார்கள். அதை யாரும் நேராக அளப்பதில்லை. உயரத்தையும் எடையையும் ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பிடுகிறார்கள். வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு 1.6 முதல் 1.9 வரை வரும். அப்போது பிறந்த 3 கிலோ குழந்தைக்கு 0.2 அளவில் இருக்கும்.

சீட்டில் இது ‘பி.எஸ்.ஏ.’ என்று சுருக்கமாக வரும். புரோஸ்டேட் சுரப்பிக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையையும் நாம் அப்படியே எழுதுவதால், சில ஆண்கள் பயந்துபோய் வருகிறார்கள். பக்கத்தில் ச.மீ. என்று இருந்தால் அது பரப்பளவு, புரோஸ்டேட் பரிசோதனை இல்லை.

“எடையை வைச்சே மருந்து கொடுக்கலாமே, எதுக்கு இந்தச் சுத்துவழி?”

பல மருந்துகளுக்கு எடையே போதும், அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் உடம்பு பெரிதாகும்போது எல்லாமே ஒரே விகிதத்தில் பெரிதாவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்காகும், பரப்பளவோ நான்கு மடங்குதான். 65 கிலோ ஆளின் எடை 3 கிலோ குழந்தையைப்போல ஏறக்குறைய 22 மடங்கு. பரப்பளவில் பார்த்தால் 9 மடங்குகூட இல்லை.

உடம்பு வெப்பத்தை இழப்பது, சக்தியைச் செலவழிப்பது, இதயம் பம்ப் செய்யும் ரத்தம், சிறுநீரகம் வடிகட்டும் அளவு எல்லாம் எடையைவிடப் பரப்பளவோடுதான் ஓரளவு ஒத்துப்போகின்றன. ஜெர்மானிய உடலியல் அறிஞர் மாக்ஸ் ரூப்னர் 1883-ல் வெவ்வேறு அளவுள்ள நாய்களை வைத்து இதைக் காட்டினார். மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றும் வேகமும் அதே போக்கில்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், டோனல்ட் பிங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1958-ல் புற்றுநோய் மருந்துகளுக்குப் பரப்பளவை அளவுகோலாக வைக்கலாம் என்று எழுதினார். அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. நம்பிக்கை முழுக்கச் சரிதானா என்பதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

“வீட்டுல நானே கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?”

தாராளமாக. 1987-ல் மாஸ்டெல்லர் என்பவர் வெளியிட்ட சூத்திரத்துக்குச் சாதாரண கால்குலேட்டரே போதும். செ.மீ.யில் உயரத்தையும் கிலோவில் எடையையும் பெருக்குங்கள். 3600-ஆல் வகுங்கள். வருவதற்கு வர்க்கமூலம் எடுங்கள். அவ்வளவுதான்.

170 செ.மீ., 65 கிலோ என்றால் 170 × 65 = 11,050. அதை 3600-ஆல் வகுத்தால் 3.069. வர்க்கமூலம் 1.75 சதுர மீட்டர். மருந்து ஒரு சதுர மீட்டருக்கு 75 மி.கி. என்று எழுதியிருந்தால் 75 × 1.75, அதாவது 131 மி.கி. பக்கம்.

சரிபார்க்க இது நல்லது. ஆனால் உங்கள் கணக்கு வேறாக வந்தால் மருந்தை நீங்களாக மாற்றாதீர்கள், மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். பெரும்பாலும் காரணம் கீழே உள்ள பதில்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

“ஒரு ஆப் 2.21 காட்டுது, இன்னொண்ணு 2.10 காட்டுது. எதை நம்புறது?”

இரண்டு ஆப்பும் வேறு வேறு சூத்திரத்தை வைத்திருக்கின்றன. பழையது, புகழ்பெற்றது டு பாய்ஸ் சூத்திரம் (1916): எடையின் 0.425 அடுக்கு × உயரத்தின் 0.725 அடுக்கு × 0.007184. அப்புறம் 1970-ல் கெஹன், ஜார்ஜ் இருவரும் சேர்ந்து போட்டது, 1978-ல் ஹேகாக் குழுவினர் போட்டது, மேலே சொன்ன மாஸ்டெல்லர் என்று வரிசையாக இருக்கின்றன.

நடுத்தர உடல்வாகு உள்ளவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். மேலே பார்த்த 170 செ.மீ., 65 கிலோ ஆளுக்கு டு பாய்ஸிலும் 1.75-தான் வரும். ஓரங்களில்தான் பிரிகின்றன. 160 செ.மீ. உயரத்தில் 110 கிலோ இருந்தால் மாஸ்டெல்லர் 2.21, டு பாய்ஸ் 2.10. உங்கள் இரண்டு எண்ணும் இப்படித்தான் வந்திருக்கும். வித்தியாசம் 5 சதவீதம்.

எது சரி என்று என்னிடம் கேட்டால், ஒருவருடைய சிகிச்சை முழுக்க ஒரே சூத்திரம் இருக்கவேண்டும் என்பதுதான் என் கவலை. வெவ்வேறு வருகையில் வெவ்வேறு சூத்திரம் போட்டால், உடம்பில் ஒன்றுமே மாறாமல் டோஸ் ஏறி இறங்கும். சிகிச்சைத் திட்டத்தில் எந்தச் சூத்திரம் என்று எழுதியிருந்தால் அதையே பின்பற்றவேண்டும்.

“இந்தச் சூத்திரத்தை எல்லாம் எத்தனை ஆயிரம் பேரை அளந்து கண்டுபிடிச்சாங்க?”

கேட்டால் சிரிப்பீர்கள். டு பாய்ஸ் சூத்திரத்துக்கு ஆதாரம் ஒன்பதே பேர். டெலஃபீல்டு டு பாய்ஸ், யூஜின் டு பாய்ஸ் இருவரும் அந்த ஆட்களின் உடம்பில் காகிதப் பட்டைகளை ஒட்டி அச்சு எடுத்து, வெட்டித் தட்டையாக விரித்துப் பரப்பை அளந்தார்கள். அவர்களுக்கு மருந்து டோஸ் பற்றிய எண்ணமே கிடையாது. ஓய்வில் இருக்கும் உடம்பு எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்பதைக் கணக்கிடத்தான் இந்த எண் தேவைப்பட்டது.

கெஹன், ஜார்ஜ் 401 பேரின் அளவுகளை வைத்தார்கள். ஹேகாக் குழு 81 பேர். மாஸ்டெல்லர் புதிதாக யாரையும் அளக்கவில்லை. ஏற்கெனவே இருந்த சூத்திரத்தை மனதில் நிற்கிற மாதிரி எளிமையாக்கினார். ஒன்பது பேரை வைத்துப் போட்ட கணக்கு நடுத்தர ஆட்களுக்கு இன்றும் மற்றவற்றோடு ஒத்துப்போவது எனக்கு ஆச்சரியம்தான்.

“குழந்தைக்கும் இதே சூத்திரம்தானா?”

மாஸ்டெல்லரைக் குழந்தைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஹேகாக் சூத்திரத்தில் கைக்குழந்தைகளையும் சேர்த்தே அளந்திருந்ததால், சில மருத்துவர்கள் அதை விரும்புவார்கள். டு பாய்ஸ் சிறு குழந்தைகளுக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். 75 செ.மீ., 10 கிலோ குழந்தைக்கு டு பாய்ஸ் 0.44, மாஸ்டெல்லர் 0.46, ஹேகாக் 0.46.

உயரம் தெரியாத அவசரத்தில் எடையை மட்டும் வைத்தும் ஒரு வழி உண்டு: எடையை நான்கால் பெருக்கி 7 கூட்டுங்கள், அதை ‘எடை + 90’ என்பதால் வகுங்கள். 10 கிலோவுக்கு 47 ÷ 100 = 0.47. பரவாயில்லை, பக்கத்தில் வந்துவிட்டது. இது குழந்தைகளுக்கு மட்டும்தான், பெரியவர்களுக்குப் போடக்கூடாது.

நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமுக்கு (சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரகக் கோளாறு) ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 60 மி.கி. என்று தொடங்குவது இப்படிக் கணக்கிட்டுத்தான். அதே சமயம் கீமோ மருந்துகள் பலவற்றைக் கைக்குழந்தைகளுக்கு மட்டும் கிலோ கணக்குக்கு மாற்றிக் கொடுப்பார்கள். பச்சிளம் குழந்தைக்கு ஒரு கிலோவுக்கான பரப்பளவு வளர்ந்தவரைப்போல இரண்டரை மடங்கு இருப்பதால், சதுர மீட்டர் கணக்கில் போட்டால் டோஸ் அதிகமாகிவிடும். கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வயதில் முழு வேகத்துக்கு வந்திருக்காது. ஆகவே ‘பெரிய பையனுக்கு ஒரு கணக்கு, பாப்பாவுக்கு ஒரு கணக்கா?’ என்று கேட்டால், ஆமாம், வேண்டுமென்றேதான்.

“ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கிறாங்க. ரெண்டு கிலோ குறைஞ்சா என்ன ஆயிடும்?”

இரண்டு கிலோவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வர்க்கமூலம் எடுப்பதால் எடையில் வரும் மாற்றம் பரப்பளவில் பாதியாகத்தான் தெரியும். எடை 10 சதவீதம் குறைந்தால் பரப்பளவு 5 சதவீதம் குறையும். 65 கிலோ 60 ஆனால் 1.75 என்பது 1.68 ஆகும். பல இடங்களில் எடை 5 அல்லது 10 சதவீதத்துக்கு மேல் மாறினால் டோஸைத் திரும்பக் கணக்கிடவேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள்.

ஆனால் எடை பார்ப்பதே வேண்டாம் என்று ஆகிவிடாது. பசி எடுக்காமல் மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டே போகிறவர்களுக்குப் பழைய எண்ணிலேயே மருந்து போய்க்கொண்டிருந்தால் அது அதிக டோஸ். கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து எடை கூடினால் அது நேர் எதிர்ச் சிக்கல். தராசில் ஏறியது நீர், உடம்பு இல்லை. அப்போது நீர் இல்லாத எடையை மதிப்பிட்டு அதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதனால் வீக்கம் இருந்தால் எடை பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். ‘போன தடவை எவ்வளவு’ என்று கேட்டு அதையே எழுதிக்கொள்ள விடாதீர்கள்.

“கணக்குல தப்பு வந்தா எங்கே வரும்?”

சூத்திரத்தில் அநேகமாக வராது, உள்ளே போடும் எண்ணில்தான் வரும். மோசமானது பவுண்டைக் கிலோ என்று போடுவது. 65 கிலோ என்பது 143 பவுண்டு. அந்த 143 கிலோ கட்டத்தில் ஏறினால் 1.75 என்பது 2.60 ஆகிவிடும். டோஸ் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும்.

இன்னொன்று வேடிக்கையானது. உயரத்தையும் எடையையும் இடம் மாற்றிப் போட்டால் மாஸ்டெல்லரில் விடை மாறவே மாறாது, ஏனென்றால் அது வெறும் பெருக்கல். டு பாய்ஸில் 1.75 என்பது 1.31 ஆகி, ‘என்னடா இது’ என்று யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். மாஸ்டெல்லர் தவறை மறைத்துவிடும். பிறகு அதே பதிவை வைத்துக் கிலோ கணக்கில் வேறொரு மருந்து எழுதும்போது 170 கிலோவுக்கான டோஸ் வந்து நிற்கும். எளிமைக்கு இப்படி ஒரு விலை.

“அம்மாவுக்கு முதுகு கூன். நிக்க வைச்சு உயரம் எடுக்க முடியலை.”

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்தால் ஏறக்குறைய உயரம் கிடைக்கும். அதுவும் முடியாவிட்டால் முழங்கால் உயரத்தை அளந்து அதற்குரிய சூத்திரத்தில் போடுவார்கள். பழைய உயரத்தை நினைவில் வைத்துச் சொல்வது மூன்றாம்பட்சம்தான்.

“குண்டா இருக்கேன். பரப்பளவு 2.3 வருது, 2.0-க்குத்தான் மருந்து கொடுப்போம்னு சொல்றாங்க. சரியா?”

நீண்ட காலம் இது பரவலான வழக்கம். பெரிய எண்ணைப் பார்த்தால் எழுதும் கைக்குப் பயம் வரும், 2.0-ல் நிறுத்திவிடுவார்கள். ஆனால் உடல் பருமன் உள்ளவர்கள் முழு டோஸில் மற்றவர்களைவிட அதிகமாகப் பாதிக்கப்படுவதில்லை என்றும், குறைத்துக் கொடுத்தால் சிகிச்சையின் பலன் குறையலாம் என்றும் தெரியவந்தது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குணப்படுத்தும் நோக்கத்தோடு செய்யும் சிகிச்சையில் உண்மையான எடையை வைத்தே முழு டோஸ் கொடுக்கச் சொன்னது. 2021-லும் அதை உறுதிசெய்தது.

விதிவிலக்கு உண்டு. வின்கிரிஸ்டின் மருந்தை ஒரு தடவைக்கு 2 மி.கி.க்கு மேல் கொடுக்காமல் நிறுத்துவது வழக்கம். அது நரம்பைப் பாதிக்கும் என்பதற்காக வைத்த எல்லை, பருமனுக்காக இல்லை. ஒல்லியானவர்களுக்கும் அதே எல்லைதான். ஆகவே ‘என் டோஸை ஏன் நிறுத்தினீர்கள், மருந்தின் காரணமாகவா, என் எடையின் காரணமாகவா?’ என்று கேளுங்கள். கேட்கவேண்டிய கேள்வி இது.

“கணக்குப்படி 2187.5 மி.கி. வருது, 2150-தான் கொடுத்திருக்காங்க. குறைச்சுட்டாங்களா?”

கேப்பசிட்டபின் மாத்திரையாக இருக்கும். ஒரு வேளைக்குச் சதுர மீட்டருக்கு 1250 மி.கி. என்றால் 1.75-க்கு அப்படித்தான் வரும். மாத்திரை 500, 150 என்ற அளவுகளில்தான் இருக்கிறது. நான்கு பெரியது, ஒன்று சின்னது, ஆக 2150. வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. 5 முதல் 10 சதவீதம் வரை இப்படிச் சரிக்கட்டுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட பழக்கம்.

“சிறுநீரக ரிப்போர்ட்டுல 1.73-ன்னு போட்டிருக்கு. என் பரப்பளவு அது இல்லையே?”

அது உங்களுடையது இல்லைதான். 1920-களில் அமெரிக்காவின் 25 வயது இளைஞர்களின் சராசரிப் பரப்பளவு 1.73 என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லாருடைய சிறுநீரக வடிகட்டும் வேகத்தையும் அந்த ஒரே அளவு உடம்புக்கு மாற்றிச் சொன்னால் ஒப்பிட எளிது. ஜனங்களின் சராசரி உடம்பு அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது, எண் மட்டும் அப்படியே நிற்கிறது.

சிறுநீரக நோயின் நிலையைச் சொல்ல 1.73 கணக்கே சரி. மருந்து டோஸ் போடும்போது, நீங்கள் ரொம்பச் சிறிய உடம்பாகவோ ரொம்பப் பெரிய உடம்பாகவோ இருந்தால் திருப்பிக் கணக்கிடவேண்டும்: ரிப்போர்ட் எண் × உங்கள் பரப்பளவு ÷ 1.73. ரிப்போர்ட்டில் 60 என்று இருந்து உங்கள் பரப்பளவு 1.4 என்றால் உண்மையில் வடிகட்டுவது நிமிடத்துக்கு 49 மி.லி.தான். 2.2 என்றால் 76.

“எக்கோ ரிப்போர்ட்டுல ‘இண்டெக்ஸ்’னு எதுக்கு ரெண்டாவது எண்?”

இதே யோசனைதான். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் பம்ப் செய்வது சின்ன உடம்புக்கு நிறைய, பெரிய உடம்புக்குக் குறைவு. பரப்பளவால் வகுத்தால் ஒப்பிடலாம். ஓய்வில் சதுர மீட்டருக்கு 2.5 முதல் 4 லிட்டர் வரை சாதாரணம் என்பார்கள். இதயத் தசையின் எடை, வால்வின் திறப்பு இவற்றையும் இப்படி வகுத்துச் சொல்வதுண்டு.

“தீக்காயம் 20 சதவீதம் பி.எஸ்.ஏ.ன்னு சொன்னாங்க. அதுக்கும் இந்தச் சூத்திரம்தானா?”

இல்லை. அங்கே சதுர மீட்டர் வேண்டாம், மொத்தத் தோலில் எத்தனை பங்கு வெந்திருக்கிறது என்பதுதான் வேண்டும். வளர்ந்தவர்களுக்கு ஒன்பதின் விதி: தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, பிறப்புறுப்பு 1. கூட்டினால் 100. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கால் சிறிது. அதனால் தலைக்கு 18, ஒவ்வொரு காலுக்கும் 14 என்று மாற்றிக்கொள்வார்கள். வயதுக்கு ஏற்றபடி துல்லியமாகப் பார்க்க 1944-ல் வந்த லண்ட்–ப்ரௌடர் அட்டவணை இருக்கிறது.

சிதறலான காயங்களுக்குக் கை அளவு: நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, ஏறக்குறைய 1 சதவீதம். பார்க்கிற மருத்துவரின் கை இல்லை, குழந்தையென்றால் குழந்தையின் கை. சோரியாசிஸ் என்ற தோல் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பதும் இப்படித்தான். தீக்காயத்தில் வெறுமனே சிவந்திருக்கும் தோலைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சேர்த்துவிட்டால் ஏற்றும் திரவம் அதிகமாகிவிடும், ஏனென்றால் பார்க்லாண்ட் கணக்கில் 4 மி.லி. × எடை × சதவீதம் என்றுதான் முதல் 24 மணி நேரத்துக்கான திரவம் முடிவாகிறது. அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில் போகவேண்டும். அந்த 8 மணி காயம்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது, வாசலில் வந்து இறங்கிய நேரத்திலிருந்து இல்லை.

“சர்க்கரை நோயால அப்பாவுக்கு ஒரு காலை எடுத்துட்டாங்க. அவருக்கு எப்படி?”

தராசு காட்டும் எடையில் கால் இல்லை, உயரத்தில் அது தெரியவும் இல்லை. அதனால் சூத்திரத்தை அப்படியே போட்டால் குழப்பம். கால் இருந்தால் எவ்வளவு எடை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டு முழு உடம்புக்குப் பரப்பளவு கண்டு, அதிலிருந்து இல்லாத பகுதியின் பங்கைக் கழிப்பது ஒரு வழி. முழுக் கால் என்றால் முந்தைய பதிலில் சொன்ன 18 சதவீதம். கழிக்கத்தான் வேண்டுமா என்பதை மருந்தைப் பொறுத்து மருத்துவர் முடிவுசெய்வார். காலுக்கு மருந்தை வெளியேற்றும் வேலை ஒன்றும் இல்லை, அதைச் செய்யும் கல்லீரலும் சிறுநீரகமும் அப்படியே இருக்கின்றன.

“எலிக்கு கிலோவுக்கு 10 மி.கி. கொடுத்தா நல்லதுன்னு படிச்சேன். நான் 60 கிலோ, அப்போ 600 மி.கி. எடுக்கலாமா?”

கூடவே கூடாது. இரண்டாவது பதிலில் பார்த்த அதே கணக்கு இங்கே இன்னும் கடுமையாக வேலை செய்யும். சுண்டெலிக்கு ஒரு கிலோவுக்கான பரப்பளவு நம்மைவிட மிக அதிகம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2005 வழிகாட்டுதல்படி சுண்டெலியின் கிலோ கணக்கை 12.3-ஆல் வகுக்கவேண்டும், பெரிய எலியென்றால் 6.2-ஆல். 10 என்பது சுண்டெலியிலிருந்து வந்தால் கிலோவுக்கு 0.8 மி.கி., உங்களுக்கு 49 மி.கி. அதுவும்கூட ஆய்வாளர்கள் முதல் மனிதச் சோதனையைத் திட்டமிடும் எண்தான், அதையும் இன்னொரு முறை பத்தாலோ அதற்கு மேற்பட்ட எண்ணாலோ வகுத்துத்தான் தொடங்குவார்கள்.

“பக்கத்துல இருக்கிறவருக்கு 200 மி.கி.ன்னு நேரா கொடுக்கிறாங்க, உயரமே கேட்கலை!”

பெம்ப்ரோலிசுமாப் போல ஏதாவது நோயெதிர்ப்பு மருந்தாக இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மி.கி., வளர்ந்தவர் எல்லாருக்கும். உடம்பு அளவு பெரிய வித்தியாசம் செய்யாத மருந்துகளுக்கு ஒரே டோஸ் போதும்.

கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து வேறு விதம். அதை வெளியேற்றுவது முக்கியமாகச் சிறுநீரகம் என்பதால், 1989-ல் கால்வெர்ட் சொன்னபடி டோஸ் = இலக்கு எண் × (சிறுநீரகம் வடிகட்டும் வேகம் + 25). ரத்தத்தில் மருந்து மொத்தம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று மருத்துவர் வைக்கும் குறிதான் அந்த இலக்கு எண். இலக்கு 5, வேகம் 90 என்றால் 575 மி.கி. இதில் பரப்பளவு நேராக வராது. ஆனால் அந்த வேகம் 1.73-க்கு மாற்றிய எண்ணாக இருக்கக்கூடாது, உங்கள் சொந்த எண்ணாக இருக்கவேண்டும். மேலே சொன்ன திருப்பிக் கணக்கிடும் வேலை இங்கேதான் உயிர்நாடி.

“எனக்கும் என் தங்கைக்கும் பரப்பளவு ஒண்ணு, மருந்தும் ஒண்ணு. அவள் நல்லா இருக்கா, எனக்கு மட்டும் ஏன் வாயெல்லாம் புண்?”

இங்கேதான் இந்த அளவுகோலின் எல்லை தெரியும். முதலில், ஒரே பரப்பளவு என்பதே சந்தேகத்துக்குரியது. 150 செ.மீ., 84 கிலோ ஒருவர், 180 செ.மீ., 70 கிலோ இன்னொருவர், இருவருக்கும் மாஸ்டெல்லர் 1.87 என்று ஒரே எண்ணைத் தரும். டு பாய்ஸ் 1.79, 1.89 என்று பிரிக்கும். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பது இரண்டுக்குமே தெரியாது.

அடுத்தது, மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதிகள் ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். புளோரோயூராசில், கேப்பசிட்டபின் மருந்துகளை உடைக்கும் டி.பி.டி. என்ற நொதி பரம்பரையாகவே குறைவாக இருப்பவர்களுக்குச் சரியான பரப்பளவுக்குக் கொடுத்த சரியான டோஸே ஆபத்தாகலாம். அதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது, சிகிச்சை தொடங்கும் முன் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான கீமோ மருந்துகளில், இருவருக்கு இடையே மருந்து வெளியேறும் வேகத்தில் இருக்கும் வித்தியாசத்தின் சிறு பகுதியைத்தான் பரப்பளவு விளக்குகிறது. பெரியவர்களுக்கு இது வழக்கமாகிவிட்ட ஒரு தொடக்கப் புள்ளி என்பதே என் கருத்து. குழந்தைகளில், உடம்பு அளவு பல மடங்கு மாறும் இடத்தில், அதற்கு உண்மையான பயன் இருக்கிறது.

அதனால்தான் முதல் சுற்றுக்குப் பிறகு ரத்த அணுக்களின் எண்ணிக்கை, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுத்த சுற்றின் டோஸை முடிவுசெய்கிறார்கள். புண் வந்ததைச் சொல்லாமல் மறைத்துவிட்டுப் போனால், அடுத்த முறையும் அந்த 1.75-ஐ வைத்து அதே அளவுதான் வரும்.